சென்னையின் பழைய திருச்சபை ஆவணங்களைத் தேடிப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

என் தாத்தா உபதேசியாராக, அதாவது குருவானவருக்குக் கீழே சபையில் வேதம் போதிக்கும் ஊழியராக இருந்தவர். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். எந்தக் கோயிலில், எந்த வருஷத்தில், யார் அவரை வேலைக்கு வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வடசென்னையில் ஒரு கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை மூன்று நாள் உட்கார்ந்து புரட்டினேன். அவர் பெயர் எங்கேயும் இல்லை. நான்காம் நாள் அலுவலக உதவியாளர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறொரு நோட்டை இறக்கிக் கொடுத்தார். கமிட்டி மினிட்ஸ், அதாவது கோயில் கமிட்டியின் கூட்டக் குறிப்பு. அதில் ஒரு பக்கத்தின் அடியில் நான்கு வரி: உபதேசியார் சைக்கிள் வாங்க முன்பணம் கேட்கிறார், தூரத்துச் சபைகளுக்கு நடந்தே போவதால் ஆராதனை தாமதமாகிறது, பாதித் தொகை கொடுத்து மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதென்று தீர்மானம். ஓரத்தில், பணம் பெற்றுக்கொண்டதற்குத் தாத்தாவின் கையெழுத்து. அதற்கு முன் அந்தக் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை.

சபையாரின் பிறப்பும் திருமணமும் சாவும் பதிவேட்டில் இருக்கும். சபையை நடத்தியவர்களின் கதை மினிட்ஸில்தான் இருக்கும். இந்த வித்தியாசம் முதலிலேயே தெரிந்திருந்தால் எனக்கு மூன்று நாள் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். குடும்ப வரலாறு தேடுபவர்கள், கோயில் மலர் தயாரிப்பவர்கள், ஆய்வு மாணவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும்.

முதல் படி: அந்த வருஷம் அந்தக் கோயில் யார் ஆளுகையில் இருந்தது?

எதைத் தேடினாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். காகிதம் மேலிடத்தைத் தேடித்தான் போகும். மேலிடம் மாறினால் காகிதம் போகும் ஊரும் மாறும்.

வேப்பேரியைப் பாருங்கள். ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அங்கே ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயம் கட்டினார். மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல் ஆங்கிலேயர் கைக்கு அது திரும்பி வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தவர்கள் என்று ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சந்தேகம். 1752-இல் வேப்பேரி ஆலயத்தை எடுத்து லுத்தரன் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். அப்போது அங்கே இருந்தவர் பப்ரிசியுஸ் என்ற மிஷனரி. 1820-களில் மிஷன் எஸ்பிஜி என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் கைக்குப் போனது, அதே காலத்தில் இன்றைய புனித மத்தியா ஆலயமும் எழுந்தது. 1947-இல் அது தென்னிந்தியத் திருச்சபையின் (சிஎஸ்ஐ) கோயிலானது. உஸ்கானின் கல்லறை இன்றும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

ஒரே இடம், நான்கு ஆளுகை. 1740-ஆம் வருஷத்துச் செய்தி வேண்டுமென்றால் கத்தோலிக்க ஆவணங்களில் தேட வேண்டும். 1770 என்றால் லுத்தரன் மிஷனரிகளின் அறிக்கைகள் போன ஜெர்மனியின் ஹாலே நகரம். 1850 என்றால் எஸ்பிஜி காகிதங்கள் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு. 1960 என்றால் சென்னையிலேயே வேலை முடிந்துவிடும். கோயில் வாசலில் உள்ள பெயர்ப்பலகையை மட்டும் நம்பிப் போனால் கடைசிக் கட்டம்தான் கைக்கு வரும்.

இரண்டாம் படி: ஆளுகையின் வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் வருஷ வாரியாக எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் சிக்கலானது கத்தோலிக்க வரிசைதான், அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

மயிலாப்பூர் மறைமாவட்டம் 1606-இல் உண்டானது. அதன் ஆயரை (பிஷப்பை) முன்மொழியும் உரிமை போர்த்துகல் மன்னருக்கு. பதுரவாதோ என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். 1642-இல் பிரெஞ்சு கப்புச்சின் துறவி எப்ரேம் தெ நெவர் மதராஸ் கோட்டைக்கு வந்தார். அவர் ரோமின் நேரடி ஆளுகைக்கு உட்பட்டவர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அதிகாரங்கள். சண்டை வராமல் இருக்குமா? 1649-இல் எப்ரேமைப் பிடித்துக் கோவாவின் சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கோட்டைக்குத் திரும்பி வர அவருக்கு ஏறக்குறைய 2 வருஷம் ஆனது. அதன் பிறகும் இரட்டை ஆளுகை நீடித்தது. 1832-இல் மதராஸுக்கென்று, ரோமின் நேரடி ஆளுகையில், அப்போஸ்தலிக்க விகாரியேட் என்ற மறைப்பகுதி உருவானது. 1838-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் மயிலாப்பூரின் பதுரவாதோ அதிகாரத்தை நிறுத்திவைத்தார். பல கோயில்கள் அதை ஏற்கவில்லை. 1886-இல் மயிலாப்பூருக்கு அதிகாரம் திரும்பக் கிடைத்தது, மதராஸ் தனி உயர்மறைமாவட்டமானது. இரண்டும் 1952-இல் இணைந்து சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின.

ஆக, 1838-க்கும் 1886-க்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் அண்ணன் ஒரு கோயிலிலும் தம்பி வேறொரு கோயிலிலும் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றிருந்தால், வீடு மாறியதுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். கோயில் எந்தப் பக்கம் நின்றது என்று பாருங்கள்.

ஆங்கிலிக்கன் வரிசை இதைவிட எளிது. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயம் 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அன்றிலிருந்து கம்பெனியின் சம்பளம் வாங்கிய சாப்ளின்கள் என்ற குருக்கள் அதை நடத்தினார்கள். 1814-இல் கல்கத்தா பிஷப்பின் கீழ் வந்தது. 1835-இல் மதராஸுக்கே பிஷப் வந்தார். முதல்வர் டேனியல் காரி. 1930-இல் இந்தியத் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. அதில் சேர்ந்தவை மூன்று: ஆங்கிலிக்கன் திருச்சபையின் தென்னிந்திய மண்டலங்கள், மெத்தடிஸ்டு திருச்சபை, 1908-இல் பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை. உங்கள் சிஎஸ்ஐ கோயில் 1947-க்கு முன் இந்த மூன்றில் எது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

லுத்தரன் வரிசை 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வருகிறது. மதராஸில் 1728-இல் சுல்ட்சே மிஷனைத் தொடங்கினார். 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையானது. ஸ்காட்லாந்துக்காரர்களின் எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம் 1821-இல் திறக்கப்பட்டது. சிஎஸ்ஐயில் சேருவதற்கு முன் அங்கே பிஷப் கிடையாது. போதகரும் மூப்பர்களும் அடங்கிய செஷன் என்ற குழுதான் ஆண்டது.

மூன்றாம் படி: எந்த நோட்டு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பங்குத்தந்தை கட்டாயம் பதிவேடு வைக்க வேண்டும் என்பது கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் போட்ட விதி. முந்நூறு பேர் இருக்கும் இன்றைய பங்கில்கூட அந்த நோட்டு அதனால்தான் இருக்கிறது. கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஓரக்குறிப்பைக் கவனிக்காமல் விடாதீர்கள். உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாவற்றையும் பிற்காலத்தில் அதே வரியின் ஓரத்தில் சேர்த்து எழுத வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தில், வேறு மையில் இருக்கும். மணம் முடித்து மலேயாவுக்கோ பெங்களூருக்கோ போன பெண்ணின் தடம் இந்தப் பொடி எழுத்தில் கிடைத்துவிடலாம்.

குருவானவரோ உபதேசியாரோ வேண்டுமென்றால் மினிட்ஸ், சம்பளக் கணக்கு, நியமனக் கடிதம், குருப்பட்டப் பதிவேடு. சொத்துத் தகராறு என்றால் மினிட்ஸோடு பத்திரமும் வேண்டும். சிஎஸ்ஐ சொத்துகள் 1947-இல் அமைந்த டிரஸ்ட் அசோசியேஷனின் பெயரில் இருப்பதால், கோயிலில் இருப்பது பெரும்பாலும் நகல்தான்.

வார்த்தைகளிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘பேராயர்’ என்றால் சிஎஸ்ஐயில் பிஷப். கத்தோலிக்கரிடம் அதே சொல் ஆர்ச்பிஷப்பைக் குறிக்கும், பிஷப் அங்கே ‘ஆயர்’. ‘சங்கம்’ என்ற சொல் ஒரு நோட்டில் உலகப் பொதுச்சங்கம், இன்னொன்றில் மாதர் சங்கம். ‘ஐயர்’ என்று பழைய புராட்டஸ்டண்டு நோட்டுகளில் வந்தால் அது குருவானவர். சாதிப்பெயராக எடுத்துக்கொண்டு குழம்பிப்போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: கேட்கும் விதம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் போய்க் கேட்காதீர்கள். தவக்காலம், கிறிஸ்துமஸ், அறுப்பின் பண்டிகை நாட்களும் வேண்டாம். வார நாளில் காலை பத்து மணிக்குப் போய் ஒரு கடிதம் கொடுங்கள். அதில் மூன்று செய்தி போதும்: யாரைத் தேடுகிறீர்கள், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எதற்காக. ‘எல்லாப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் எந்தப் போதகரும் தயங்குவார். ‘1921 முதல் 1926 வரை ஞானஸ்நானப் பதிவேடும், அதே வருஷங்களின் கமிட்டி மினிட்ஸும்’ என்று எழுதினால் வேலை தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

உங்களைப் பற்றிய பதிவுக்குச் சான்று நகல் கேட்பது சலுகை கேட்பதாகாது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 487-ஆம் விதி அந்த உரிமையைக் கொடுக்கிறது. பிறருடைய பதிவுகளுக்கு அது பொருந்தாது. அங்கே அனுமதிதான் வழி. மினிட்ஸைக் காட்டுவதா வேண்டாமா என்பது போதகரும் கமிட்டியும் முடிவு செய்ய வேண்டிய விஷயம். மறுத்தால் கோபப்படாதீர்கள். ஒழுங்கு நடவடிக்கை, குடும்பச் சண்டை எல்லாம் அதில் இருக்கும், சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ‘நீங்களே படித்து, எனக்கு வேண்டிய பத்தியை மட்டும் காட்டினால் போதும்’ என்று சொன்னபோதுதான் எனக்கு ஒரு இடத்தில் கதவு திறந்தது.

கொண்டு போக வேண்டியவை: பென்சில் (மைப்பேனா வேண்டாம்), நோட்டு, சின்ன உருப்பெருக்கி, சுத்தமான மெல்லிய தூரிகை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் காற்றின் உப்பும் ஈரமும் போதாதென்று கரையானும் வெள்ளிப்பூச்சியும் வேலை செய்திருக்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: பெயரையும் தேதியையும் அவிழ்ப்பது

வீட்டில் ராயப்பன் என்று கூப்பிட்டவரைப் பதிவேட்டில் அதே பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். கத்தோலிக்கப் பதிவேடுகள் வெகுகாலம் லத்தீனில் எழுதப்பட்டன. ராயப்பன் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். அருளப்பன் யோவான்னெஸ். சூசை யோசேபுஸ். சவரிமுத்து சவேரியுஸ். ஞானப்பிரகாசம் என்பவர் அலோய்சியுஸ் ஆகிவிடுவார். இதைத் தெரியாமல் ஒரு முழு நாளை வீணாக்கலாம். பெயருக்கு அப்புறம் ‘பத்ரினுஸ்’ என்று வந்தால் ஞானத்தகப்பன், ‘மத்ரினா’ என்றால் ஞானத்தாய். இந்த இரண்டு பெயர்களையும் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய சொந்தக்காரர்கள்தான், அடுத்த தலைமுறைக்குப் போக அது ஒரு படிக்கட்டு.

தேதியில் இதைவிட ஆழமான குழி இருக்கிறது. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே புதிய கிரகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய காலண்டரில்தான் இருந்தார்கள். அதனால் 1680-இல் போர்த்துகீசியர் இருந்த சாந்தோமுக்கும் ஆங்கிலேயரின் கோட்டைக்கும் இடையே, கடற்கரையோரமாக நடந்தே போய்விடும் தூரத்துக்குள், தேதியில் 10 நாள் வித்தியாசம். 1700-க்குப் பிறகு அது 11 நாள் ஆனது. அந்த 1700-இல்தான் டென்மார்க்கும் ஜெர்மனியின் புராட்டஸ்டண்டு நாடுகளும் புதிய காலண்டருக்கு மாறின. ஆகவே தரங்கம்பாடிக் குறிப்பையும் கோட்டைக் குறிப்பையும் ஒப்பிடும்போது எது எந்தக் கணக்கு என்று பார்க்க வேண்டும்.

போதாக்குறைக்கு, ஆங்கிலேயருக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25. ராபர்ட் கிளைவ் புனித மரியாள் ஆலயத்தில் மார்கரெட் மாஸ்கலினை மணந்தது 1753 பிப்ரவரி 18. அதற்குள் காலண்டர் மாறிவிட்டதால் சந்தேகமில்லை. அதே திருமணம் 1750 பிப்ரவரியில் நடந்திருந்தால் ஆங்கிலேயர் வழக்கப்படி 1749 என்றே எழுதியிருப்பார்கள். பழைய ஆங்கிலப் பதிவேட்டில் ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதி எதைக் கண்டாலும் இரண்டு வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: 1749/50. இல்லாவிட்டால், பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வந்து, ஒரு குடும்பத்தின் மீது வீண் பழி விழும்.

ஆறாம் படி: மினிட்ஸைப் படிப்பது

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். மினிட்ஸ் எல்லாம் ஒரே மாதிரி தொடங்கும்: ஜெபம், வந்தவர்கள், வராதவர்கள், போன கூட்டத்தின் குறிப்பு வாசித்து ஏற்கப்பட்டது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். வராதவர் பட்டியலில் ஒரே பெயர் ஆறு கூட்டங்களில் தொடர்ந்து வந்தால் அங்கே ஒரு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ‘ஏற்கப்பட்டது’ என்ற சொல்லுக்குப் பதில் ‘திருத்தத்துடன் ஏற்கப்பட்டது’ என்று வந்தால் போன கூட்டத்துக்குத் திரும்பிப் போய் எந்த வரி திருத்தப்பட்டது என்று பாருங்கள்.

அடுத்தது, ஒரு தீர்மானத்தின் பயணத்தைத் தொடர்வது. சிஎஸ்ஐ கோயில் என்றால் கீழே பாஸ்டரேட் கமிட்டி, சேகரக் கமிட்டி என்றும் சொல்வார்கள். அதற்கு மேலே பேராயத்தின், அதாவது பிஷப்பின் ஆளுகைப் பகுதியின் மன்றம், எல்லாவற்றுக்கும் மேலே சினாடு. கமிட்டியில் ‘பேராயத்துக்கு எழுதுவது’ என்று முடிந்த விஷயத்துக்குப் பதில் அங்கிருந்துதான் வந்திருக்கும். போதகரின் இடமாற்றம் கமிட்டி கையில் இல்லை. காரணம் தேடினால் மேலேதான் போக வேண்டும். சினாடு அலுவலகம் ராயப்பேட்டையில் இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குப்பேரவை ஆலோசனைதான் சொல்லலாம், தீர்மானிப்பது பங்குத்தந்தை. பேரவைக் குறிப்பில் ஒன்றும், நடந்தது வேறொன்றுமாக இருந்தால் வியப்பதற்கில்லை.

காலத்தையும் நினைவில் வையுங்கள். புராட்டஸ்டண்டு சபைகளில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற இந்தியர் ஆரோன். அது 1733 டிசம்பர் 28, தரங்கம்பாடி. ஆங்கிலிக்கன் பிஷப்பான முதல் இந்தியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912. பழைய மிஷன் நோட்டுகளில் தமிழர்களை உபதேசியார், பள்ளி ஆசிரியர், வேதாகம ஸ்திரீ என்ற தலைப்புகளின் கீழ் முதலில் தேடுங்கள். சபையைத் தினம் தினம் தாங்கியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பல சமயம் பாதிப் பெயரோடு.

பெரிய மன்றக் குறிப்புகளைப் படித்துப் பழக, திருச்சபை ஐக்கியத்தின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 வருஷம் நடந்தது. பிஷப் இருந்த சபையும் பிஷப்பே வேண்டாம் என்று வளர்ந்த சபையும் சேர வேண்டும்; பிஷப் கைவைத்துப் பட்டம் கொடுக்காத போதகர்களை என்ன செய்வது? அவர்களை அப்படியே ஏற்பது, இனிமேல் எல்லாப் பட்டமும் பிஷப்பின் கையால் என்று முடிவானது. ஒரே கேள்வி மூன்று சபைகளின் மன்றங்களில் எப்படி எப்படிப் பேசப்பட்டது என்று அடுத்தடுத்து வைத்துப் படித்தால், தீர்மானத்தின் மொழிக்குப் பின்னால் இருக்கும் பயமும் விட்டுக்கொடுத்தலும் தெரிய ஆரம்பிக்கும்.

ஏழாம் படி: கோயிலில் கிடைக்கவில்லையென்றால்

சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலான பதிவுகளுக்கு இரண்டாவது பிரதி என்று ஒன்று இருந்திருக்கிறது. 1918-இல் அமலுக்கு வந்த கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு, ஒவ்வொரு பங்கும் வருஷக் கடைசியில் பதிவேட்டின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. பங்கில் நோட்டைக் கரையான் தின்றிருந்தால் அடுத்த கதவு அதுதான். 1872-ஆம் வருஷக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடந்த திருமணங்களின் விவரம் அரசுக்கும் போயிருக்கும். சாந்தோமில் உள்ள பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் சமயத்துறை நடவடிக்கைகள் இருக்கின்றன. சாப்ளின்களின் நியமனம், விடுப்பு, கோயில் பழுதுபார்ப்புச் செலவு, கல்லறைத் தகராறு எல்லாம் அதில் வரும். அடையாள அட்டையும் கல்லூரியின் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

கோட்டையிலிருந்து லண்டனுக்குப் போன ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் 1698 முதல் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன. ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும்தான் அதில் அதிகம். சர்ச் மிஷனரி சொசைட்டியின் காகிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், எஸ்பிஜி காகிதங்கள் ஆக்ஸ்ஃபோர்டில், லண்டன் மிஷன் காகிதங்கள் லண்டனின் சோயாஸ் கல்லூரியில். ஹாலேயின் பழைய மிஷன் அறிக்கைகளை இணையத்திலேயே படிக்கலாம். ஜெர்மன் மொழிதான், ஆனால் தமிழ் ஊழியர்களின் பெயர்கள் கண்ணில் படும்.

எட்டாம் படி: எழுதி வைப்பது

படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதலில் நோட்டின் அட்டையை எடுங்கள், பிறகு பக்க எண் தெரியும்படி முழுப் பக்கம், கடைசியில் உங்களுக்கு வேண்டிய வரி. ஒற்றை வரியை மட்டும் படம் எடுத்து வைத்தால் ஆறு மாதம் கழித்து அது எந்த நோட்டு என்று உங்களுக்கே தெரியாது. எழுத்துப்பிழையைத் திருத்தாமல் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். புரியாத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

எழுதி முடித்ததும் ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்துக்குக் கொடுங்கள். எந்த நோட்டு, எந்தப் பக்கம், என்றைக்குப் பார்த்தது, நோட்டு அப்போது எந்த நிலையில் இருந்தது என்று மேலே குறித்துக் கொடுங்கள். தாத்தாவின் சைக்கிள் வரி இருந்த நோட்டில் முதல் பதினொரு தாள்கள் ஏற்கெனவே இல்லை. நான் கொடுத்த பிரதியை உதவியாளர் அதே நோட்டுக்குள், பன்னிரண்டாம் தாளுக்கு முன்னால் செருகி வைத்தார்.